மூன்றாம் எண் காரின் புகை

கிளனாரா, மேயோ
14 ஜனவரி 2013

அன்புத் தம்பி கோல்மனுக்கு,

நான் நலம். வலது முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு நாள் முன்பே எனக்கு வானிலை அறிக்கை வாசிக்கிறது. உன் முதுகு எப்படி? அலுவலகத்தில் வேறு நாற்காலி கேட்டாயா, இல்லை வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயா?

இதைப் போனிலேயே சொல்லலாம். போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்பாய். பத்து நாள் கழித்து அப்படிச் சொல்லவே இல்லை என்பாய். அதனால் எழுத்தில் தருகிறேன்.

காருக்கு வருட வரி கட்டச் சொல்லி உன் அலுவலகத்திலிருந்து தாள் வந்திருக்கிறது. எழுநூற்றுப் பத்து யூரோ. என் வீட்டுக்காரர் மாலக்கி போய்ச் சேர்ந்த நாளிலிருந்து வீட்டுக்கு வந்த எல்லாத் தாளுக்கும் மறுபேச்சில்லாமல் கட்டியவள்தான் நான். எதையும் படித்துப் பார்க்கிற தெம்பு அப்போது இல்லை. ஆனால் நேற்றுப் பூசை முடிந்து வெளியே வந்தால், என் கார் பக்கத்தில் டொமினிக் பேரட் தன் காரை நிறுத்தியிருந்தான். அவனுடையதும் எங்களுடையதும் ஒரே கடையில் ஒரே வருடம் வாங்கியவை. அதே கறுப்பு, அதே இரண்டு லிட்டர் டீசல். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வரி வில்லையைக் குனிந்து பார்த்துவிட்டு அவன் கேட்டான்:

"என்ன அட்ராக்டா, இன்னும் பழைய வில்லையே ஒட்டியிருக்க?"

"எழுநூத்திப்பத்து கேக்குறாங்க. கட்டணும்."

"எழுநூத்திப்பத்தா! யாரு உன்ன இப்படி மொட்டையடிக்கிறது? நான் இருநூத்தியெண்பதுதானே கட்டுறேன்! உன் தம்பி அங்கதானே உக்காந்திருக்கான், அவன்கிட்டயே கேளு."

அவன் கார்த் தாளையும் கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்து இரண்டு கார்களின் தாள்களையும் மேசையில் பரப்பினேன். ஒரு கிலோமீட்டர் ஓடினால் அவன் கார் விடுகிற கரிப்புகை 138 கிராம். என் காருக்கும் 138. அரசாங்கம் அச்சடித்த அட்டவணையில் 138 கிராமுக்கு நேராக 280 யூரோ என்றுதான் இருக்கிறது. ஆகவே 280 யூரோவுக்குக் காசோலை வைத்திருக்கிறேன். வில்லையை அனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா அட்ராக்டா


காசில்பார்
21 ஜனவரி 2013

அம்மையீர்,
தாங்கள் அனுப்பிய 280 யூரோ காசோலை இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது. 08-MO-3 என்ற எண்ணுள்ள வாகனத்துக்கான ஆண்டு வரி 710 யூரோ ஆகும்.
கோ. லவெல், மோட்டார் வரிப் பிரிவு

அன்புள்ள அக்கா,

மேலே எழுதியது அலுவலகத்துக் கோல்மன். இனி எழுதுவது உன் தம்பி. முதுகு பரவாயில்லை. நாற்காலி கேட்கவில்லை.

அக்கா, விஷயம் இதுதான். புகையை அளந்து வரி போடுகிற சட்டம் 2008 ஜூலை முதல் தேதி வந்தது. அன்றைக்கும் அதற்குப் பிறகும் பதிவான கார்களுக்குப் புகைக் கணக்கு. அதற்கு முன்னால் பதிவானவற்றுக்குப் பழையபடி எஞ்சின் அளவுக் கணக்கு. டொமினிக் ஜூலையில் பதிவு செய்தான். அத்தான் ஜனவரியில் பதிவு செய்தார். கார் ஒன்றுதான், தேதிதான் வேறு. மூன்றாம் எண் வேண்டும் என்று அத்தான் ஒற்றைக் காலில் நின்றது உனக்கே தெரியும். அது அவருடைய ஆசை. அதை அப்படியே விட்டுவிடலாம்.

மீதி 430 யூரோவை நான் கட்டிவிடுகிறேன். யாருக்கும் தெரிய வேண்டாம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் தம்பி
கோல்மன்


கிளனாரா
2 பிப்ரவரி 2013

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். அங்கேயும் நலமாக இருக்க பிரிஜிட் அம்மாளிடம் நேற்று அவள் திருநாளில் வேண்டிக்கொண்டேன். நீ ஒரு செண்ட் கட்டினாயென்றால், என் வீட்டு வாசலை மிதிக்காதே. எனக்குப் பணம் இல்லை என்று யார் உன்னிடம் அழுதது? அந்த எழுநூற்றுப் பத்து என் தகர டப்பாவில் எண்ணி வைத்தபடி இருக்கிறது. அதைக் கொடுக்க மாட்டேன் என்பதுதான் பேச்சு.

புகைக்கு வரி என்றால் எனக்குச் சம்மதம். காற்றைக் கெடுக்கிறவன் கட்டட்டும். நானும் கெடுக்கிறேன், 138 கிராமுக்கு நானும் கட்டுகிறேன். ஆனால் ஜனவரியில் பிறந்த புகைக்கு ஒரு விலை, ஜூலையில் பிறந்த புகைக்கு ஒரு விலையா? என் கார் விடுகிற புகை தேதி பார்த்தா மேலே போகிறது?

எண் ஆசையைப் பற்றி எனக்குச் சொல்லாதே, அந்தக் கூத்தைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். புது வருடம் பிறந்து கார் எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால் இந்த மாவட்டத்து ஆண்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். யார் காரின் எண் சின்னது என்று மதுக்கடையில் அடிதடி நடக்கும். பங்குச் சாமியாருக்கே பதினொன்றுதான் கிடைத்தது, அதற்கு அவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மாலக்கி மூன்றோடு வந்து நின்றபோது நான் கேட்டேன்:

"மூணாம் நம்பர் கார்ல போனா மோட்சத்துல முன்வரிசை குடுப்பாங்களாக்கும்?"

"முன்வரிசை யாருக்கு வேணும்? ஜன்னலோரம் குடுத்தாப் போதும்" என்றார்.

அப்படிப்பட்ட மனுஷன். எண்ணுக்கு ஆசைப்பட்டதற்கு ஒரு வருடம் தண்டனை கொடுங்கள். ஆயுளுக்குமா?

அதே காசோலையைத் திரும்ப வைத்திருக்கிறேன். மடிப்பு கலையாமல் பார்த்துக்கொள், இன்னும் பல தடவை பயணம் போகவேண்டியிருக்கும்.

அக்கா


காசில்பார்
11 பிப்ரவரி 2013

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். அலுவலகத் தாளும் காசோலையும் உறைக்குள் இருக்கின்றன. அதைப் படிக்கவேண்டாம், போன தடவை எழுதியதேதான்.

இரண்டு மாதத்துக்குமேல் வரி இல்லாமல் ஓடினால் வண்டியைப் பிடித்துவிடுவார்கள். கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போவார்கள், அக்கா. அத்தானின் காரை. அதை யோசித்தாயா?

எல்லோரும் செய்கிற ஒரு வழி இருக்கிறது. காவல் நிலையத்துக்குப் போ. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் கார் கொட்டகையில் நின்றது, சாலைக்கு வரவேயில்லை என்று ஒரு படிவம். சார்ஜென்ட் முத்திரை குத்துவார். அந்த இரண்டு மாதத்துக்கு வரி இல்லை. பாதி மாவட்டம் இப்படித்தான் காலம் தள்ளுகிறது.

குளிரில் வெளியே அலையாதே.
கோல்மன்


கிளனாரா
25 பிப்ரவரி 2013

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் தேவலை. உன் யோசனையைக் கேட்டதும் அது நேராகவே நிமிர்ந்துவிட்டது.

கார் கொட்டகையில் நின்றதா? செவ்வாயும் வெள்ளியும் பக்கத்து வீட்டு வின்னியைச் சிறுநீரக சிகிச்சைக்கு உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவது அந்தக் கார்தான். சிகிச்சை நாலு மணி நேரம். நான் வெளியே காரில் உட்கார்ந்து பின்னுகிறேன். அதைப் பார்க்காதவர்கள் இந்தத் தீபகற்பத்தில் குருடர்கள் மட்டுமே. ஆனாலும் தம்பி சொல்லிவிட்டானே என்று நிலையத்துக்குப் போனேன். சார்ஜென்ட் மங்கன் படிவத்தை எடுத்துவிட்டார்.

"கார் ரோட்டுக்கு வரலைன்னு எழுதிடட்டுமாம்மா?"

"போன வியாழக்கிழமை உங்க ஜீப் பள்ளத்துல இறங்கினப்போ, யார் வண்டியில ஏறி வீட்டுக்குப் போனீங்க?"

மனுஷன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அத நான் மறந்துட்டேன்னு வெச்சுக்கலாமே" என்றார்.

"நீங்க மறக்கலாம். நான் மறக்க மாட்டேன். நான் திருடி இல்ல, பொய் முத்திரை வாங்கிப் பிழைக்க. நியாயமான வரியை ரெண்டு தடவை அனுப்பிட்டேன், வாங்க மாட்டேங்கிறது அவங்க."

வீட்டுக்கு வந்து அட்டையை வட்டமாக வெட்டி நானே ஒரு வில்லை செய்தேன். "138 கிராம். 280 யூரோ. இரண்டு முறை அனுப்பினேன், இரண்டு முறையும் திருப்பிவிட்டார்கள்" என்று சிவப்பு மையில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். பூசை முடிந்ததும் ஜனங்கள் என் காரைச் சுற்றி நின்று வாசிக்கிறார்கள். பங்குச் சாமியாரின் பிரசங்கத்துக்குக்கூட இவ்வளவு கூட்டம் இல்லை.

இழுத்துப்போவார்கள் என்றா பயம் காட்டுகிறாய்? வரட்டும். நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன்.

அக்கா


காசில்பார்
4 மார்ச் 2013

அக்கா,

உடம்பு சுகம். மனசு இல்லை.

அந்தச் சிவப்பு மை வில்லையை யாரோ போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மேலதிகாரி எல்லோர் முன்னாலும் காட்டி, "இந்தப் புரட்சிக்காரி உங்க அக்காவாமே?" என்றார். அறையே சிரித்தது. முப்பது வருடமாக இந்த அலுவலகத்தில் என்னை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

எனக்கு வருகிற கேலி கிடக்கட்டும். அந்தக் காரை இழந்தால் நீ என்ன ஆவாய் என்று எனக்குத் தெரியும். கையெடுத்துக் கேட்கிறேன், தேதியைக் கிளறாதே. கட்டிவிடு.

கோல்மன்


கிளனாரா
19 மார்ச் 2013

தம்பிக்கு,

நான் நலமா என்று எனக்கே தெரியவில்லை. நீ நலமாக இரு.

பேட்ரிக் திருநாள் ஊர்வலத்தில் டொமினிக்கும் நானும் இரண்டு கார்களையும் அடுத்தடுத்து ஓட்டினோம். இரண்டின் பின்னாலும் "138" என்று பலகை. ஊரே கைதட்டியது. முழங்கால் வலி மறந்து நான் ஹாரன் அடித்துக்கொண்டே போனேன், சிறுபிள்ளை மாதிரி. அப்புறம் மதுக்கடையில் உட்கார்ந்திருந்தபோது நான் விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"உனக்கு மட்டும் எப்படிடா ஜூலை வரைக்கும் காத்திருக்கணும்னு புத்தி வந்துச்சு? நீ பேப்பரே படிக்க மாட்டியே."

"எனக்கா? உன் வீட்டுக்காரர்தான் சொன்னாரு. பிப்ரவரியில, படகுத் துறையில நிக்கிறோம். நானும் வாங்கப் போறேன்னேன். 'அவசரப்படாத டொமினிக், ஜூலை வரைக்கும் பொறு, பாதி வரிகூட வராது'ன்னாரு. 'அப்ப நீங்க ஏன் பொறுக்கல?'ன்னு கேட்டேன். சிரிச்சாரு. 'எனக்கு மூணாம் நம்பர் வேணுமே'ன்னாரு."

கோல்மன், அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாங்குகிறபோதே தெரிந்திருக்கிறது.

ஒரு சாப்பாட்டுத் தட்டு வாங்கினாலும் மூன்று கடை ஏறி இறங்குகிறவர் அவர். ஓர் எண்ணுக்காக வருடா வருடம் நானூறு யூரோ கொட்டுகிற மனுஷன் இல்லை. நீ அப்போதும் வரி அலுவலகத்தில் இருந்தவன். அந்த எண்ணை அந்தக் கடையில் சொல்லி வாங்கித் தந்தவனும் நீதான். "அதை அப்படியே விட்டுவிடலாம்" என்று ஜனவரியில் எழுதினாய். "தேதியைக் கிளறாதே" என்று இப்போது எழுதுகிறாய்.

எதற்கு?

அட்ராக்டா


கிளனாரா
10 ஏப்ரல் 2013

கோல்மன்,

மூன்று வாரம் ஆகிறது. உன் முதுகைப் பற்றி விசாரிக்கப் போவதில்லை. போனையும் நீ எடுக்கவில்லை. இந்த வாரம் பதில் வராவிட்டால், வில்லை இல்லாத காரை உன் அலுவலக வாசலுக்கே ஓட்டி வந்து, எல்லோர் முன்னாலும் கேட்பேன். செய்வேனா மாட்டேனா என்று உனக்குத் தெரியும்.

அட்ராக்டா


காசில்பார்
16 ஏப்ரல் 2013

அன்புள்ள அக்கா,

நீ செய்வாய். அதனால் எழுதுகிறேன். ஏற்கெனவே நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

2007 டிசம்பரில் பட்ஜெட் அறிவித்த அன்றே அத்தானுக்குப் போன் செய்தேன். ஜூலை வரை பொறுங்கள், பாதிக்குமேல் மிச்சம் என்றேன். "நாளைக்கு உன் ஊருக்குத்தான் வர்றேன், ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு வந்துடு" என்றார். நீ அன்றைக்கு அவர் வலை வாங்கப் போனதாக நினைத்துக்கொண்டிருந்தாய்.

தேநீரும் சோடா ரொட்டியும் வாங்கி வைத்திருந்தார். இரண்டையும் தொடவில்லை. இருதயத்தின் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது, அறுத்தால் பிழைப்பது சந்தேகம், அறுக்காவிட்டால் எந்த நாளும் நடக்கலாம், கோடை வரை போனால் பெரிது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஜூலை எனக்குக் கிடையாதுடா கோல்மன்" என்றார். "எனக்கு ஜனவரி வேணும். அந்தப் பழைய வேன்ல உங்கக்கா பக்கத்துக் கதவு திறக்காது. பதினோரு வருஷமா என் சீட்டு மேல ஏறித் தாண்டித்தான் உக்கார்றா, ஒரு நாள் குறை சொன்னதில்ல. ஒழுங்கா திறக்குற கதவுள்ள வண்டியில அவள ஊர் சுத்திக் காட்டணும்."

உன்னிடம் சொல்லச் சொன்னேன். கெஞ்சினேன். "சொன்னா அவ ரோட்டப் பாக்க மாட்டா, என் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு வருவா" என்றார். அவசரமாக ஏன் வாங்கினீர்கள் என்று நீ குடைவாய் என்பதால் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. "சின்ன நம்பர் ஒண்ணு பிடிச்சுக் குடு. ஆம்பளைங்க நம்பருக்கு அலையிறது அவளுக்குத் தெரியும், நம்பிடுவா" என்றார். பிடித்துக் கொடுத்தேன். சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ஜூன் பத்தொன்பது அன்று உன் வீட்டு வாசலில் அவர் விழுந்தார். நீ என் தோளைப் பிடித்து, "நேத்துவரைக்கும் நல்லா இருந்தாரேடா" என்று அலறினாய். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஐந்து வருடமாக அப்படியே நிற்கிறேன். உன் காரின் வரித் தாள் ஒவ்வொரு ஜனவரியும் என் மேசைக்குத்தான் வரும்.

மன்னிப்புக் கேட்கத் தைரியம் இல்லை.
கோல்மன்


கிளனாரா
6 மே 2013

தம்பி கோல்மனுக்கு,

முழங்கால் இருக்கிறது. நான் இருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்தபின் இரண்டு வாரம் வின்னியை டொமினிக்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். நான் காரில் ஏறவில்லை. ஏறினால் இறங்க முடியாது என்று தோன்றியது.

உன்மேல் எனக்குக் கோபம். அதை மழுப்பப் போவதில்லை. அவர்மேல் அதைவிடக் கோபம். என் புருஷன் சாகப்போவது ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியவேண்டியதை எனக்குப் பதிலாக இரண்டு ஆண்கள் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறீர்கள், நான் ரோட்டைப் பார்க்கவேண்டும் என்று.

அந்த ஆறு மாதம் என்ன செய்தேன் தெரியுமா? திட்டினேன். ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு புதுக் கடற்கரை. "டீசல் என்ன கடல்லயா ஊறுது?" என்று கேட்டேன். கெர்ரி கடற்கரையில் வறுத்த உருளைக்கிழங்கை இருக்கையில் சிந்திவிட்டார் என்று இருபது மைல் பேசாமல் வந்தேன். அவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். தெரிந்திருந்தால் நான் சண்டை போட்டிருக்க மாட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே கூட உட்கார்ந்திருப்பேன். அவருக்கு வேண்டியிருந்தது அந்தச் சண்டைக்காரிதான் போலிருக்கிறது. இதை நான் ஒப்புக்கொள்வது இந்த ஒரு தடவைதான்.

இத்துடன் 394 யூரோவுக்குக் காசோலை இருக்கிறது. ஜனவரி முதல் ஜூன் வரை அரை வருட வரி, எஞ்சின் கணக்கில், பிரித்துக் கட்டினால் நீங்கள் போடுகிற கூடுதலோடு, உன் சட்டப்படி, ஒரு செண்ட் குறையாமல். அந்த ஆறு மாதம் அவர் எனக்கு வாங்கித் தந்தது. அதற்கு ஏழாயிரம் கேட்டாலும் கட்டுவேன், பேரம் பேச மாட்டேன்.

ஆனால் ஜூலை முதல் டிசம்பர் வரை அவர் இல்லை. அந்த ஆறு மாதம் காரும் நானும் புகையும் மட்டும்தான். அதற்குப் புகைக் கணக்குப்படி, அதே கூடுதலோடு, அரை வருடத்துக்கு 155 யூரோ, ஜூலை முதல் தேதி அனுப்புவேன். திருப்பி அனுப்புங்கள். மறுபடி அனுப்புவேன். உன் மேலதிகாரியிடம் சொல், புரட்சிக்காரி இன்னும் சாகவில்லை என்று.

ஜூன் வரைக்குமான வில்லையைத் தபாலில் போடாதே. நீயே கொண்டு வா. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொண்டு வராதே. அந்தக் கேன்டீனில் அவர் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு வேண்டும். கடற்கரைவரை போகலாம். நான் ஓட்டுகிறேன். உன் பக்கத்துக் கதவு நன்றாகத் திறக்கும்.

ஜூன் வரை கட்டியவள், ஜூலையில் கட்டாதவள்,
உன் அக்கா


காசில்பார்
5 ஜூலை 2013

அம்மையீர்,
தாங்கள் அனுப்பிய 155 யூரோ காசோலை இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது. 08-MO-3 என்ற எண்ணுள்ள வாகனத்துக்கான அரை ஆண்டு வரி 394 யூரோ ஆகும்.
கோ. லவெல், மோட்டார் வரிப் பிரிவு

அக்கா, நலம். நேற்று மேலதிகாரியிடம் புது நாற்காலி கேட்டேன். கொடுத்துவிட்டார். கடற்கரைக்குப் போன அன்றைக்கு உன் காரில் ஜன்னலோரம் நன்றாக இருந்தது.

காசோலையின் மடிப்புக் கலையவில்லை. மறுபடி அனுப்பு.